எலிக்குடல் பார்க்கும் மருமகன்

கெலவாசியோ ஓர் எலியின் வயிற்றைத் திறந்து குடலை எடுத்தால் அது ஒரே துண்டாகத்தான் வரும். எங்கும் அறாது. வெள்ளைத் தட்டில் அதை நீட்டிவைத்து, கத்தரிக்கோலின் மொட்டை முனையை உள்ளே விட்டு, பட்டுத்துணி வெட்டும் தையல்காரரைப் போல ஒரே இழுப்பில் பிளப்பார். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை ஊற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். சிறிது நேரத்தில் நாடாப்புழு தானாகவே சுவரை விட்டு மிதந்து வரும். அவசரப்பட்டு இழுத்தால் தலை உள்ளேயே நின்றுவிடும், தலை இல்லாத புழுவை வைத்து எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

"இவன் வசதியா வாழ்ந்திருக்கான் மேடம்," என்பார், புழுவை அளவுகோலின் மேல் படுக்கவைத்தபடி. "நாப்பது சென்டிமீட்டர். எலியைவிட நீளம். பாவம், வீட்டுக்காரனுக்குத்தான் இடமே இல்லை."

பதினான்கு வருடங்களாக என்னோடு வேலை செய்கிறார். மலாவியில் டெட்சா மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் வேளாண்மைக் கல்லூரிக்குப் புல் வெட்டும் வேலைக்குத்தான் வந்தார். எலிகளின் குடற்புழுக்களைப் பற்றி நான் ஆராய்ச்சி தொடங்கிய புதிதில், பிடித்துவந்த எலிகளை இனம் பிரிக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அரிவாளோடு நின்றவர், "அது கடலைக் காட்டு எலி. இது சோளக் காட்டு எலி. அந்தக் கடைசி ஆள் சினை," என்றார். மூன்றும் சரியாக இருந்தன. மறுநாளே அரிவாளை வாங்கிவைத்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இன்று கல்லூரி மாணவர்கள் வரைந்த புழுப்படங்களைத் திருத்துகிறார்.

மதியம் பன்னிரண்டானால் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு டிபன் பாத்திரத்தைத் திறப்பார். வெள்ளைச் சோளக்களி, அதாவது சீமா. அதன்மேல் உப்புப் போட்டு வேகவைத்துக் காயவைத்த வயல் எலி நான்கு, வரிசையாக, மயிரோடு. காலையில் தட்டில் கிடந்தவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. இன்னும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சந்தேகம் வந்தால் மறுபடியும் கொதிக்கவைக்கிறேன். அவர் எத்தனை முறை சோப்பு போட்டார் என்று எண்ணுவேன்.

"மூணு தடவை போட்டேன் மேடம், எண்ணிட்டீங்களா?" என்பார். "இது வயல்ல இருக்கறவன், சாப்பாடு. நீங்க பயப்பட வேண்டியது கூரையில இருக்கறவனுக்கு. அவன் திருடன். அவனை எங்க வீட்ல நாய்க்குக்கூடப் போட மாட்டாங்க."

அந்த எலிகள் அவருடைய மாமியார் கைப்பக்குவம். நாபிரி என்றால் அந்தச் சாலையில் தெரியாதவர் இல்லை. அறுவடை முடிந்து காடு காய்ந்ததும், பிளந்த மூங்கில் குச்சியில் பத்துப் பத்தாக எலிகளைக் கோத்து, பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். குடலை எடுத்துவிட்டு இரண்டு முறை வேகவைப்பவர் அவர் ஒருவர்தான் என்று லாரிக்காரர்கள் அங்கே வந்து நிறுத்துவார்கள்.

இங்கே கல்யாணமானால் ஆண் பெண்ணின் ஊருக்குப் போய்விடுவான். கெலவாசியோ பதினேழு வருடங்களுக்கு முன்பு ஒரு கோடாலியும் ஒரு கம்பளியும் எடுத்துக்கொண்டு எலுபியின் வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் அவளுடைய குலம். வீட்டில் கடைசி வார்த்தை அவளுடைய தாய்மாமன் தியோபிலோவுடையது. மருமகன் உழைக்கலாம், சாப்பிடலாம், சண்டை வந்தால் ஓரமாக உட்காரலாம். மாமியார் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. மாமியார் பேச வேண்டுமானால் எலுபியிடம் பேசுவார், எலுபி இரண்டடி தள்ளி நிற்கும் புருஷனிடம் அதையே திருப்பிச் சொல்வாள். அவர் பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

போன வருடம் எங்கள் ஆராய்ச்சி எலியிலிருந்து மனிதருக்கு நகர்ந்தது. எலியின் நாடாப்புழு மனிதர் வயிற்றிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மலம் வேண்டும். ஊராரிடம் மூடி போட்ட சிறிய டப்பாவைக் கொடுத்து, நாளைக் காலை நிரப்பிக் கொடுங்கள் என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்? தன் மலம் அடுத்தவர் கையில் சிக்குவது இங்கே சின்ன விஷயம் இல்லை. வேண்டாதவர் அதை வைத்து என்னவெல்லாமோ செய்துவிடலாம்.

கெலவாசியோ தன் மாமியார் ஊரையே தேர்ந்தெடுத்தார். ஊர்க்கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் தன் டப்பாவை, முதல் எண் எழுதியதை, மேசைமேல் வைத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன மருமகனே, நாங்க ஆக்கிப் போட்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டுப் போறீங்களா?"

"பாதிதான் அக்கா. மீதி நாளைக்கு," என்றார்.

கூட்டம் சிரித்தது. ஒரு வாரத்தில் தொண்ணூற்று நான்கு டப்பாக்கள் வந்துவிட்டன.

எலியின் நாடாப்புழு முட்டையை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. தேன் நிறத்தில், வட்டமாக, நடுவில் ஆறு சின்னக் கொக்கிகளோடு இருக்கும். ஒன்பது டப்பாக்களில் அது இருந்தது. ஒன்பதையும் கண்டுபிடித்தவர் கெலவாசியோதான். முப்பத்தொன்றாம் எண்ணைப் பார்த்துவிட்டு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தவர், பட்டியலைப் பார்க்கவில்லை. எண்களை எழுதியவரே அவர்தான்.

"தியாமிக்கே," என்றார். அவருடைய பதினோரு வயது மகள்.

முப்பதிலிருந்து முப்பத்தைந்து வரை அவர் வீடு. மாமியார், எலுபி, எலுபியின் தங்கை, தங்கையின் இரண்டு பிள்ளைகள், தியாமிக்கே. ஆறு பேருக்கும் முட்டை இருந்தது. ஒன்றாம் எண்ணில் இல்லை. நான் மூன்று முறை பார்த்தேன், அவர் நான்கு முறை பார்த்தார். ஊரிலேயே அதிகமாக எலி தின்பவரும், தினமும் எலிக்குடலில் கை வைப்பவரும் சுத்தமாக இருந்தார்.

உயிருக்கு ஆபத்தான புழு இல்லை இது. பலருக்கு இருப்பதே தெரியாது. சிலருக்கு வயிற்றுவலியும் கழிச்சலும் வரும். ஒரு வேளை மாத்திரையில் போய்விடும். ஆனால் மாத்திரை எந்தெந்த வீட்டுக்கு என்ற செய்தி மாத்திரைக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் நாபிரி எலிக்குச்சியோடு சாலையில் நின்றபோது மினிபஸ் நடத்துநர் ஒருவன் தலையை வெளியே நீட்டி, "அம்மா, புழு சேர்த்து எவ்வளவு, சேர்க்காம எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறான். மூன்று வண்டிகள் நிற்காமல் போயின. அவர் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

வியாழக்கிழமை கெலவாசியோ வேலைக்கு வந்தார். கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

"சனிக்கிழமை மாமா கூட்டம் வெச்சிருக்கார் மேடம்."

"எதுக்கு?"

"என்னை அனுப்பறதுக்கு." ஈரமே இல்லாத மேசையைத் துடைத்தார். "நான்தான் வேலை செய்யற இடத்துலேர்ந்து புழுவைச் சட்டையில கொண்டுபோய் வீட்ல விட்டேனாம். ஆறு பேருக்கு வந்திருக்கு, எனக்கு மட்டும் வரலை. ஏவி விட்டவனுக்கு எப்படி வரும்னு மாமா கேக்கறார். கோடாலியைக் கையில கொடுத்தா நான் போகணும். தியாமிக்கே அங்கேதான் இருப்பா. அவ அவங்க பிள்ளை."

அந்த டப்பாக்களை அந்த ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னது என் ஆராய்ச்சிதானே.

"நான் கொண்டுபோயிருப்பேனா மேடம்?" என்று கேட்டார். "நிஜமா சொல்லுங்க."

"உங்களுக்கே தெரியும். இந்த முட்டையை நேரா முழுங்கினா ஒண்ணும் ஆகாது. முதல்ல ஒரு பூச்சி அதைத் தின்னணும். வண்டோ, தெள்ளுப்பூச்சியோ. அந்தப் பூச்சிக்குள்ளதான் குட்டி வளரும். அந்தப் பூச்சியை மனுஷன் முழுங்கணும்."

"மாணவர்களுக்கு நானே சொல்றதுதான். வீட்டு விஷயம்னா மறந்துபோகுது."

"அவங்க ஆறு பேரும் வாயில போட்டு நீங்க போடாதது ஏதாவது இருக்கா?"

"எல்லாம் ஒரே சட்டிதான் மேடம். எலி எல்லாரும் தின்றோம். வெந்த எலியில எந்தப் புழு உயிரோட இருக்கும்? சீமா கொதிக்கக் கொதிக்கக் கிண்டறது. கீரையும் அப்படித்தான்..." என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மகளுக்கு இன்னும் ஏதோ நோய் இருக்கிறதோ என்று நான் பயந்துவிட்டேன்.

"தோப்வா," என்றார்.

தோப்வா என்பது நம் கூழுக்கு உறவு. சோளமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, அதில் முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு மாவைக் கலந்து புளிக்கவிடுவார்கள். அந்தக் கேழ்வரகு மாவு அடுப்பைப் பார்ப்பதில்லை. பச்சையாக, ஆறிய கஞ்சியில்தான் விழும்.

"நீங்க தோப்வா குடிக்கறதில்லையா? உங்க அத்தை வாரா வாரம் அனுப்புவாங்கன்னு சொன்னீங்களே."

"ரெண்டு தடவை அனுப்புவாங்க. புதனும் ஞாயிறும்." குரல் தாழ்ந்தது. "எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே அந்தப் புளிச்ச வாசம் ஆகாது. கல்யாணமான முதல் வாரம் பெரிய சுரைக்குடுவை நிறையக் கொடுத்தனுப்பினாங்க. அத்தை கையால வந்ததை வேண்டாம்னு எப்படிச் சொல்றது? குளிக்கற மறைப்புக்குப் பின்னால கொண்டுபோய் ஊத்திட்டேன். குடுவையைக் கழுவி, நல்லா இருந்துச்சுன்னு சொல்லி அனுப்பினேன். அடுத்த தடவை இன்னும் பெரிய குடுவை வந்துச்சு."

"பதினேழு வருஷமாவா?"

"பக்கத்து வீட்டு வாத்துங்களுக்கு மட்டும் தெரியும்," என்றார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எலுபி தன் அம்மாவின் கேழ்வரகுக் கூடையிலிருந்து ஒரு துணிமூட்டை மாவு கொண்டுவந்தாள். முளைவிட்ட தானியத்தை முறத்தில் பரப்பி, எலிகள் ஓடும் கூரைக்குக் கீழே வைத்துத்தான் அவர்கள் வீட்டில் உலர்த்துவார்கள். அரைத்த மாவுக் கூடையும் மூடாமல் அங்கேயேதான் இருக்கும். மாவில் எலிப்புழுக்கை கிடந்தது. அதைவிட முக்கியமாக, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய செம்பழுப்பு வண்டுகள் ஊர்ந்தன. மாவோடு மாவாகக் கஞ்சியில் விழுந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

அறுபது வண்டுகளைத் திறந்தோம். எலிக்குடலைப் பிளக்கும் அதே கை, இப்போது இரண்டு ஊசிமுனைகளில் வண்டின் வயிற்றைப் பிரித்தது. பதினெட்டாவது வண்டில் கெலவாசியோ ஊசிகளைக் கீழே வைத்தார்.

"வாலோட இருக்கான் மேடம்."

பார்த்தேன். குட்டிப்புழு, பைக்குள் தலையைச் சுருட்டி, பின்னால் வால் நீட்டி, விருந்துக்குக் காத்திருந்தது. அறுபதில் ஏழு வண்டுகளில் இருந்தது. எலுபியிடம் விசாரித்ததில், முட்டை இருந்த மற்ற மூன்று பேரும் அவள் அம்மாவிடம் கேழ்வரகு மாவு வாங்குகிறவர்கள் என்று தெரிந்தது.

எனக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. "நாளைக்கு இதைக் காட்டினா போதும். புழு உங்க சட்டையிலேர்ந்தும் வரலை, அத்தையோட எலியிலேர்ந்தும் வரலை. முடிஞ்சுது."

"முடியலை. நீ மட்டும் எப்படித் தப்பிச்சேன்னுதான் மாமா முதல்ல கேப்பார்."

"வயித்துவாகுன்னு சொல்லிடுங்க. சிலருக்குக் குடிச்சாலும் வராது." அறிவியலைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் நான்தான் இதைச் சொன்னேன்.

அவர் வண்டுகளின் மிச்சத்தை ஸ்பிரிட் புட்டியில் போட்டு மூடினார். "குடிச்சும் எனக்கு வரலைன்னு சொன்னா வண்டுக் கதை பொய்யாயிடும் மேடம். பாரு, இவனும்தானே குடிச்சான், இவனுக்கு வரலையேன்னு மாமா சொல்லுவார். அவங்க அதே முறத்தை அதே கூரைக்குக் கீழேயே வைப்பாங்க. நான் வெளியே நிக்கப் போறேன், உள்ளே தியாமிக்கே திரும்பக் குடிப்பா."

சனிக்கிழமை காலை நானும் நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு போனேன். முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். தியோபிலோ மாமா நாற்காலியில் இருந்தார், மெலிந்த மனிதர், கோட்டுப் போட்டிருந்தார். அவருடைய நாற்காலிக் காலில் கோடாலி சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. நாபிரி சமையல் குடிசை வாசலில், எங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கையில் ஒன்றும் இல்லாமலே எதையோ பிரித்துக்கொண்டிருந்தார்.

"வெளியூர்க்காரனை வீட்டுக்குள்ள விட்டோம்," என்று மாமா தொடங்கினார். "வேலைக்குப் போறான்னு சந்தோஷப்பட்டோம். என்ன வேலை? எலியோட பீயில கையை விட்டுத் துழாவற வேலை. ஆறு பேர் வயித்துல இப்போ புழு. இவன் வயிறு மட்டும் கோயில் மாதிரி இருக்கு. இதுக்கு மருமகன் பதில் சொல்லட்டும்."

கெலவாசியோ எழுந்து தரையைப் பார்த்துப் பேசினார். கூரை எலி, புழுக்கை, வண்டு, பச்சைமாவு. மாணவர்களுக்குச் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னார். ஆனால் முடிந்ததும் மாமா கால்மேல் கால் போட்டார்.

"நல்லாப் பேசறே. அந்தத் தோப்வாவைத்தானே நீயும் குடிக்கறே?"

"இல்லை மாமா. நான் குடிக்கறதில்லை."

"வாரம் ரெண்டு குடுவை உனக்குப் போகுதே."

"ஊத்திடுவேன். வந்த நாளிலேர்ந்தே. எனக்கு அது ஒத்துக்காது. அத்தை மனசு நோகும்னு சொல்லலை."

பாயில் இருந்த பெண்களில் ஒருத்தி வாயை முந்தானைத் துணியால் பொத்திக்கொண்டாள். சமையல் குடிசை வாசலில் கைகள் நின்றுவிட்டன.

"எலுபி," என்றார் நாபிரி. "கேளு. முதல் தடவை அனுப்பினதையுமா?"

எலுபி புருஷன் பக்கம் திரும்பினாள். "முதல் தடவை அனுப்பினதையுமான்னு அம்மா கேக்கறாங்க."

"அதையும்தான்னு சொல்லு."

"தியாமிக்கே பிறந்த அன்னைக்குத் தேன் விட்டு அனுப்பினேன். அதைக் கேளு."

எலுபியால் கேட்க முடியவில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை. "அதையும்," என்றார் கெலவாசியோ.

"ருசியா இருந்துச்சு, இனிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கலாம்னு சொல்லிவிட்டாரே. அடுத்த தடவை நான் இன்னும் தேன் தேடி அலைஞ்சேனே." அதை யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாமா கோடாலியைப் பார்த்தார். நான் அவசரமாக நுண்ணோக்கியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினேன். "ஒரு தடவை பார்த்துட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க ஐயா." அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வால் இருக்கே இதுக்கு."

"இருக்கு."

"இது முழுக்க எங்க அக்கா மாவுலேர்ந்தா?" பிறகு வேறு யாருக்கும் கேட்காமல், "போன ஞாயித்துக்கிழமை நானும் மூணு டம்ளர் குடிச்சேன்," என்றார்.

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். தியாமிக்கே இரண்டு முறை பார்த்தாள். அந்த நேரத்தில் நாபிரி வெளியே வந்தார். கேழ்வரகுக் கூடையை இடுப்பில் வைத்திருந்தார். நுண்ணோக்கிப் பக்கம் வரவே இல்லை. முற்றத்து அடுப்பில் கூடையைக் கவிழ்த்தார். மாவு கருகி, நல்ல வாசனை ஒன்று எழுந்தது. வெறும் கூடையைத் தட்டி ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மாத்திரை எங்கே?"

பெயர் எழுதிய காகிதப் பொட்டலங்களை நீட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. உள்ளங்கையில் பரப்பி எண்ணினார்.

"ஆறு இருக்கு. நாங்க ஏழு பேர்."

"அவருக்குப் புழு இல்லைம்மா. தேவையில்லை."

"வீட்ல இருக்கறவங்க எல்லாரும் ஒரே நாள்ல முழுங்கணும், ஒருத்தர் விட்டாலும் திரும்ப வரும்னு நீங்கதானே ஊர்க்கூட்டத்துல சொன்னீங்க?"

"சொன்னேன்." எல்லாப் புழுக்களையும் சேர்த்துப் பொதுவாகச் சொன்னது அது.

"அவர் எங்க வீட்ல இல்லையா?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான் இருந்தது, ஆனால் அசைந்தது தியோபிலோ மாமாதான். கோடாலியை எடுத்து, விறகுக்குவியல் பக்கம் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்து, தனக்கும் ஒரு பொட்டலம் இருக்குமா என்று கேட்டார்.

என்னிடம் எப்போதும் கூடுதலாக இருக்கும். இல்லாத நோய்க்கு ஒருவருக்கு மாத்திரை கொடுப்பதா என்று ஒரு கணம் தயங்கினேன், அவர் எடைக்கு எத்தனை என்று இரண்டு முறை கணக்குப் போட்டேன், கொடுத்தேன். கெலவாசியோ தண்ணீர் டம்ளரோடு வாங்கி, எல்லாருக்கும் முன்னால் வாயில் போட்டு விழுங்கினார்.

நாபிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலுபி," என்றார். "முழுங்கிட்டாராம். வாயைத் திறந்து காட்டச் சொல்லு."

எலுபி திருப்பிச் சொல்ல வாய் திறப்பதற்குள் கெலவாசியோ மாமியார் பக்கம் நேராகத் திரும்பி, நாக்கைத் தூக்கி, வாயை அகலமாகத் திறந்து காட்டினார். நாபிரி கிட்டே வந்து, குனிந்து, கடைவாய்வரை பார்த்தார்.